வாக்கியத்தின் வால்

கவுஞ்சிக்கு மேலே மூன்றாவது வளைவில்தான்
சிக்னல் கிடைக்கும்.
பூண்டு மூட்டையும் ஆளுமாய் என் ஜீப் அங்கே திரும்பினால்
பதினாலு பைகளும் ஒரே நேரத்தில் கீச்சிடும்.
அப்புறம் பூம்பாறைப் பிரிவு வரை
யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

தேர்தலுக்கு நாலு நாள் இருக்கையில்
அந்த வளைவில்தான் அது வந்தது.
ஏழு விநாடி. பவளக்கொடியின் குரல்:
"ஊத்துத் தண்ணிய ரிசார்ட்டுக்குக் குடுத்தாச்சு."

மூட்டை மேலிருந்த ஒருத்தர் "பாத்தியா" என்றார்.
எதைப் பார்ப்பது,
கண்ணாடி முழுக்க மூடுபனி.

இத்தனைக்கும் அவள் அதைச் சொன்ன அன்று
நான் அங்கேதான் இருந்தேன்.
சகாயராஜ் டீக்கடை. டயருக்குக் காற்றடித்துவிட்டு
பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்தேன்.
இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்:
"ஊத்துத் தண்ணிய ரிசார்ட்டுக்குக் குடுத்தாச்சுன்னு
எவன்டா சொன்னான்?"

நம் பாஷைக்கு உயிர் வாலில் இருக்கிறது.
ஆமாவா இல்லையா என்பதைக்
கடைசி வரை கைக்குள் மூடி வைத்திருக்கும்.
ஏதோ ஒரு விரல்
அந்த வாலை மட்டும் கிள்ளிவிட்டது,
கேரட்டுக்குத் தழை திருகுவதுபோல.

இது தெரிந்த காது என்னுடையது.
என்றாலும் அந்த ஏழு விநாடியைப் பத்துத் தடவை கேட்டபின்
டீக்கடையில் கேட்டதுதான் தப்போ என்று தோன்றிவிட்டது.
நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன்.
ஒருத்தன் என் மச்சினன்.
இன்னொருவர் யாரென்று சொல்ல மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டு.
விரல் மையை ஊதிக்கொண்டே வெளியே வந்தேன்.
ஒன்பது ஓட்டில் தோற்றாள்.
அன்றைக்கு ஜீப்பில் பதினாலு பேர்.
இந்தக் கணக்கை நான் போடவே கூடாது.

பிறகொரு ராத்திரி வளைவில் வண்டியை ஓரங்கட்டி
ஊர்க் குரூப்பில் தட்டினேன்:
"ன்னு எவன்டா சொன்னான்."
போகவில்லை.
இனி அட்மின் மட்டும்தான் பேசலாமாம்.
கிராமசபைக்கு முப்பது பேர் வந்தால் பெரிது,
இங்கே நானூற்றுப் பன்னிரண்டு பேர்
வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நேற்று பவளக்கொடி ஏறினாள்,
வடுகபட்டிச் சந்தைக்குப் போகிற நாலு மூட்டையோடு.
வளைவில் எல்லாப் பையும் கீச்சிட்டது.
அவள் பை சும்மா இருந்தது.
"வண்டிய நிப்பாட்டு" என்றாள்.
பின்னால் யாரோ இருமினார்கள்.
எனக்குக் கிளட்சில் கால் நடுங்கியது.
இறங்கிப்போய்ப் பின் சக்கரத்தை
ஒரு உதை உதைத்துப் பார்த்தாள்.

"காத்து இறங்கியிருக்குன்னு
எவனும் சொல்லலையா?"