சம்பளச் சீட்டின் பின்பக்கம்

வைகாசி முதல் தேதி, விடியக் கொஞ்சம் இருந்தது.
அம்மன் சிரசுக்காகக் குடியாத்தமே தெருவில் நின்றது.
மேளம் பிரசவ வார்டு ஜன்னல்வரை வந்து
கம்பியில் இடித்துத் திரும்பியது.

ஆறு சென்டிமீட்டரில் வந்தாள் அம்சவேணி.
பேரணாம்பட்டு ரோட்டில் ஷூ கம்பெனி,
மேல்தோல் தைக்கும் பிரிவு.
கேஸ் ஷீட்டோடு நாலாய் மடித்த
ஒரு சம்பளச் சீட்டையும் நீட்டினாள்.

முன்பக்கம் பி.எஃப். பிடித்தம், கேன்டீன் பிடித்தம்,
தாமதம் இரண்டு நாள்.
பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில்:

மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க, மூச்சு முட்டும்.
கை வைக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க.
நாத்தனார் தமயந்தி கூட இருக்கட்டும்.
கத்தினா திட்டாதீங்க.
கொழந்தைய மொதல்ல என் மேல போடுங்க, எடை அப்புறம்.

அதற்கும் கீழே ஒரு வரி, எழுதி அடித்தது.
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் தெரிந்தது:
வெட்டாதீங்க.

சிரித்துவிட்டேன்.
பத்தொன்பது வருட சர்வீஸின் சிரிப்பு.
"ஓட்டலுக்கா வந்துகிற, ஆர்டர் குடுக்க?"
அவள் பதில் சொல்லவில்லை.
வலி வந்தது. சுவரில் நெற்றியை வைத்து நின்றாள்.
பிறகு கத்தினாள்.

என் நாக்கில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது.
எல்லா வார்டுக்கும் தெரிந்த வாக்கியம்,
படுக்கும்போது இனிச்சுதா என்று ஆரம்பிக்கும்.
வாலாஜாவில் என் மூத்தவன் பிறந்த ராத்திரி
எனக்குச் சொன்னார்கள் அதை.
நானும் நர்ஸ்தான் என்று சொல்ல
அப்போது எனக்கு வாய் இல்லை.

விழுங்கினேன்.
கசந்தது, வேறென்ன.

வாசலில் நின்ற தமயந்தியைக் கூப்பிட்டேன்.
ஆயா முறைத்தாள். முறைக்கட்டும்.
"இப்போ கை வைச்சுப் பாக்கப் போறேன், பாக்கட்டா?"
என் குரல் எனக்கே புதுசாய்க் கேட்டது,
வேறு யாரோ டியூட்டி மாற்றி வந்ததுபோல.

டாக்டர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்.
"தரணம்பேட்டைலயே நிக்கறேன்மா, வண்டி நகரல."

மேளத்துக்கு நடுவில் குழந்தையின் துடிப்பைத் தேடினேன்.
நூற்று நாற்பது.
நூற்று முப்பத்தாறு.
இடப்பக்கம் ஒருக்களித்திருந்தாள், தலை தெரிந்தது,
அங்கேயே நின்றுவிட்டது.
தொண்ணூற்றெட்டு.
அடுத்த வலியிலும் தொண்ணூற்றெட்டு.

மற்ற நாளாயிருந்தால் கத்தரி பேசியிருக்கும்.
குனிந்து அவள் முகத்துக்கு நேராகப் போனேன்.
"அம்சா, துடிப்பு கொறையுது.
நீ அடிச்ச வரிய நான் படிச்சேன்.
வெட்டினாதான் சீக்கிரம் வரும். வெட்டட்டா?"

கண்ணைத் திறந்தாள்.
அவ்வளவு வலியிலும் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது.
"தோல்ல ஊசி எறங்கினா ஓட்டை மூடாதுக்கா.
அதான் நாங்க குறி போட்டுட்டுத் தைப்போம்.
மருந்து போட்டு, சொல்லிகினே வெட்டு."

சொல்லிக்கொண்டே போட்டேன்.
சொல்லிக்கொண்டே வெட்டினேன்.

வெளியே சிரசு எங்கள் தெரு முனையைத் தாண்டியிருக்க வேண்டும்,
ஊரே ஒரு தொண்டையாகியது.
உள்ளே ஒரு தலை திரும்பியது, தோள் வந்தது,
நனைந்த பெண் குழந்தை
நேராக அவள் மார்புக்குப் போனது.
தராசு காத்திருந்தது, அரை மணி நேரம்.
இரண்டு கிலோ எழுநூறு. எங்கும் ஓடிவிடவில்லை எடை.

ஏழு மணிக்கு டாக்டர் வந்தார், நெற்றியில் குங்குமம்.
கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.
கேட்டுச் செய்தது என்று எழுத
அதில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதியிருந்தேன்.
"இது இன்னாம்மா?" என்றார்.
"நடந்தது சார்" என்றேன்.

தையல் போட்டு முடித்ததும் அம்சவேணி
கையை நீட்டினாள்.
பால் கொடுக்க உதவியாக்கும் என்று குழந்தையைத் தூக்கப்போனேன்.

"அது இல்லக்கா, அந்தச் சீட்டு.
ரெண்டு நாள் லேட்டுன்னு போட்டுகிறான்,
பொய்யி.
கம்பெனில போய் கேக்கணும்."