லீவ் வேகன்சி

நான் படித்தது தாவரவியல்.
பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்தது
ரோஸ்லின் மெர்சியின் நாற்காலி,
அதன்மேல் அவள் தைத்துப் போட்டிருந்த மெத்தை,
மூடியில் பல் தடம் பதிந்த சிவப்புப் பேனா,
ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு இங்கிலீஷ்.
பிள்ளை பெற்று அவள் திரும்பும்வரை.
பதிவேட்டில் எனக்கு வரிசை எண் இல்லை.
கடைசி வரிக்குக் கீழே, பென்சிலால் பெயர்.

இரண்டாவது வாரம் பேராச்சி எழுந்து நின்றாள்.
"டீச்சர், சப்ஸ்டிட்யூட்டுக்கும் ரிப்ளேஸுக்கும் என்ன வித்தியாசம்?
கைடுல ரெண்டுக்கும் பதிலாகன்னுதான் போட்டிருக்கு."
கைடு சொன்னதைத்தான் நானும் சொல்லியிருப்பேன்.
நல்லவேளை, மணி அடித்தது.

அன்று ராத்திரி ரோஸ்லினின் அகராதியைப் பிரித்தேன்.
சப்ஸ்டிட்யூட் என்று தொடங்கினால்
வந்தவள் பெயரை முதலில் சொல்லவேண்டும்,
போனவள் ஃபார் என்ற சின்னச் சொல்லுக்குப் பின்னால் நிற்பாள்.
ரிப்ளேஸ் என்றால் போனவள்தான் முன்னால்.
வந்தவள் வித்தின் கையைப் பிடித்துக்கொண்டு
வகுப்புக்குள் நுழைகிறாள், தயங்கித் தயங்கி.
நடந்தது ஒன்றேதான்.
யார் பெயரை முதலில் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம்.

மறுநாள் இட்லியையும் பூரியையும் வைத்து விளக்கினேன்.
வகுப்பு அதோடு விடவில்லை.
மாசானம் சொன்னான்: "எங்கண்ணன் ஆக்டிங் டிரைவர் டீச்சர்.
வண்டி நெசமாவே ஓடுதுல்லா, பெறவு என்ன ஆக்டிங்?"
ஸ்டெப்னி என்றது ஒரு குரல்:
ஊரெல்லாம் கூட வரும், தரையைத் தொடாது.
பினாமி என்றது இன்னொன்று, அதற்கு மட்டும் சத்தமாகச் சிரிப்பு.
சிரிக்காத பாத்து முத்து எழுந்து,
"எங்கம்மா ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில நர்ஸு.
ரிலீவர் வரலன்னா ராத்திரியும் அம்மாதான்" என்றாள்.
ரிலீஃப் என்பதும் அந்தச் சொல்லின் கூடப்பிறந்ததுதான் என்றேன்.
அவள் அதை நோட்டில் எழுதவில்லை.
அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

ஆல்டர்நேட் வந்தபோது எனக்குத் தைரியம் வந்தது.
வாசலில் போய்ச் செம்பருத்தியில் ஒரு கிளை ஒடித்து வந்தேன்.
பாருங்கள், ஒரு கணுவுக்கு ஓர் இலை.
இது இந்தப் பக்கம் என்றால் அடுத்தது அந்தப் பக்கம்.
நம் வளவில் முறைவாசல் பார்க்கிற மாதிரி.
எருக்கு அப்படி இல்லை,
ஒரே கணுவில் இரண்டும் எதிரெதிரே நின்று முறைக்கும்.
அன்றைக்கு மட்டும்
நான் யாருக்கும் பதிலாக நிற்கவில்லை.

ரோஸ்லின் ஒரு திங்கட்கிழமை வந்தாள்.
மெத்தையைத் தட்டிப் போட்டாள், பேனாவைத் தேடினாள்.
"பிள்ளைங்க உங்களப் பத்தியே சொல்லுதுவ" என்றாள்.
குரலில் இருந்தது சந்தோஷமா என்று பார்த்தேன்.
பாதி சந்தோஷம்.
மீதிக்கு அகராதியில் வார்த்தை இருக்கலாம்,
தேடவில்லை.
என் பெயரை யாரோ ரப்பரால் அழித்திருந்தார்கள்.
பென்சில் போய்விட்டது, அழுத்தின பள்ளம் இருந்தது.

திரும்பும்போது செய்துங்கநல்லூரில் வண்டி நின்றது.
ஒற்றைத் தண்டவாளம், எதிர்வண்டி வந்தால்தான் இது நகரும்.
கிராசிங் என்கிறார்கள்,
எந்த வண்டியும் எதையும் குறுக்கே வெட்டுவதில்லை,
ஒன்று ஒதுங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.
திருச்செந்தூர்ப் பக்கமிருந்து வந்தது
வெளிச்சமும் விபூதி வாசமுமாகக் கடந்து போனது.

வீட்டுக்கு வந்தால் வாசல் பெருக்கித் தெளித்திருந்தது.
இன்று என் முறை.
எதிர்வீட்டு இசக்கியம்மாள் வாளியைக் கவிழ்த்துவிட்டு,
"வேல போன அன்னைக்குமா வாரியலத் தூக்குவ,
நாளைக்கு எனக்குப் பதிலா நீ பாரு" என்றாள்.
கதவைச் சாத்திக்கொண்டாள்.

பையைக் கொட்டினேன்:
சாப்பாட்டு டப்பா, குடை, காய்ந்த செம்பருத்திக் கிளை,
கொடுக்க மறந்த ரோஸ்லினின் அகராதி.
காலை வண்டியில் போய்க் கொடுத்துவிட வேண்டும்,
வாசல் பெருக்கின பிறகு.