எழுபது எழுத்து

கொழும்பிலிருந்து வானிலை வரும்போது
இரண்டு பக்கம் இருக்கும்.
போனுக்கு நான் அனுப்பக்கூடியது
எழுபது எழுத்து.
மிஞ்சினால் ஈமெயிலின் தலை மட்டும் போய்ச் சேரும்.
வால் எங்கே விழுகிறது என்று
கொம்பனியில் கேட்டேன்.
அவர்களுக்கும் தெரியாது.

குடாவின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலுமாக
நாற்பத்து மூன்று படகு, நாற்பத்து மூன்று நம்பர்.
ஒவ்வொரு நம்பருக்குப் பின்னாலும் சுழித்த ஓர் 'அ',
அதன் பின்னால் கொம்பனியின் பெயர்.
ஒரு தட்டுத் தட்டினால்
திருக்கடலூரில் தலைமாட்டில் கிடக்கும் போனெல்லாம்
ஒன்றாய் அதிரும் என்றார்கள்.

முதல் நாள் அதிர்ந்தது.
போய்ச் சேர்ந்தது எங்கள் கடிதத் தலைப்பு:
சங்கத்தின் பெயர், பதிவிலக்கம்,
பக்ஸ் நம்பர் பாதி.
பக்ஸ் மெஷின் செத்து ஏழு வருஷம்.
காற்று, சொல்லாமலே தன்பாட்டுக்கு வந்தது.
மரியதாசண்ணை நனைந்த சாரத்தோடு
கந்தோர் வாசலில் நின்று சொன்னார்:
"பிள்ளை, உன்ர பக்ஸ் நம்பர்
பத்திரமா இருக்கு."

பிறகுதான் எண்ணப் பழகினேன்.
பள்ளிக்கூடத்தில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை.
இங்கே அதற்கு ஒன்று,
அதன் தலையில் குந்தியிருக்கும் புள்ளிக்கு இன்னொன்று.
காலுக்கும் கொம்புக்கும் தனித்தனி டிக்கெட்.
'எச்சரிக்கை' என்று தொடங்கினால்
வாயைத் திறக்கமுன் பத்துப் போய்விடும்.
அதைத் தூக்கினேன்.
'கச்சான்' ஏழு. 'வாடை' நாலே நாலு,
மலிவான காற்று,
ஆளைத் தின்பதும் அதுதான்.

'போகாதேங்கோ' பத்து, 'போகாதே' ஆறு.
மரியாதைக்கு நாலு எழுத்து.
அந்த நாலில் 'கடல்' என்று எழுதலாம்.
எழுதினேன்.
பேரன் கண்டவர்களுக்கும் சேர்த்து
நாற்பத்து மூன்று பேருக்கு: வாடை, கடல், போகாதே.
கிண்ணியாவிலிருந்து இர்ஷாத் காக்கா போன் எடுத்தார்:
"ஆரைப் புள்ள நீ போகாதே எண்டது?
எங்கட உம்மாவும் அப்பிடிச் சொன்னதில்ல."
அன்றைக்கு அவர் போகவில்லை.
அதைச் சொல்வதற்கு இன்னொரு முறை
போன் எடுக்கவும் இல்லை.

பதில்கள் ஈமெயிலாய்த் திரும்பி வரும்,
பெயர் இராது, நம்பர்தான்.
கடைசி மூன்று இலக்கத்தில் ஆளைப் பிடிப்பேன்.
417 எப்போதும் ஒரு புள்ளி.
சந்தியோகு. எழுத வராதவரில்லை.
"கண்டன் எண்டு சொல்ல
ஒரு குத்துக் காணாதே?" என்பார்.

மார்கழியில் 417-இன் புள்ளி நின்றது.
விசாரித்தேன்.
வள்ளத்தை விற்று மன்னாருக்கு,
மகளிடம் போய்விட்டாராம்.
சிம் மேசை லாச்சிக்குள், காசு போடாமல்.
நான் பட்டியலைத் திருத்தவில்லை.
சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

அடுத்த ஐப்பசியில் முதல் வாடை.
அனுப்பிக் கால்மணி நேரத்தில் 417 பேசியது:
"யாருங்க நீங்க? இங்க கடல் இல்லீங்க.
இது அப்புத்தளை. தேயிலைதான்.
காத்து மட்டும் பலமா அடிக்குது."

அழிக்கத்தான் போனேன்.
வாசலில் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
சந்தா ரசீதுப் புத்தகத்தை
மென்றுகொண்டு நின்றது.
துரத்திவிட்டு வந்து பார்த்தால் கரண்ட் இல்லை.
417 அப்படியே இருந்துவிட்டது.

மூன்றாம் நாள் மறுபடி காற்று.
மறுபடி நாற்பத்து மூன்று.
பின்னேரம் அப்புத்தளையிலிருந்து:
"போகாதேன்னு வந்திச்சி.
கங்காணிகிட்ட காட்டினேன்.
சிரிச்சாரு.
போனேன்."

கந்தோர் பூட்டும் நேரம்.
குடாவில் படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன,
ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு.
தனியாக அந்த ஒரு நம்பரை எழுதி,
சுழித்த 'அ' போட்டு,
'கவனமாய்ப் போங்கோ' என்றேன்.
பதினாறு எழுத்து, மரியாதையோடு.
மிச்சம் ஐம்பத்து நாலு கிடந்தது.
அதில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
ஒரு புள்ளி வைத்தேன்.