உருப்படம்

சென்னையில் விளம்பரக் கம்பெனியில் இருக்கும் சித்தி மகன்
முதலில் பெயரை மாற்றச் சொன்னான்.
பேச்சியம்மாள் என்று கீழே கையெழுத்திட்ட படத்தை
எவன் கூடத்தில் மாட்டுவான்,
பேஷ் என்று சுருக்கு, எடுப்பாய் இருக்கும்.
காப்பிப்பொடிக்கு வை என்றேன்.

வீரவநல்லூர் அச்சகத்தில் முந்நூறு அட்டை.
உருவப்படம் வரைந்து தரப்படும் என்பதில்
ஒரு ‘வ’ விழுந்து
உருப்படம் ஆகியிருந்தது.
பாதிக் காசுக்குத் தந்தார்.
முந்நூறிலும் பேனாவால் ‘வ’ நுழைத்தேன்.
நூறு தாண்டியதும்
ஒவ்வொரு ‘வ’வும் ஒரு மூக்காகிவிட்டது,
சில சப்பை, சில கிளிமூக்கு.

கல்யாண மண்டபத்தில் கொடுத்தேன்.
மொய் எழுதுகிறவர் வாங்கி
பின்பக்கம் கூட்டல் போட்டார்.
சேரன்மகாதேவி ஸ்டுடியோவில்
போட்டோவையே பென்சில் படமாக்கும் பொத்தான் ஒன்றை
அழுத்திக் காட்டினார்கள்.
பிளக்ஸ் கடைக்காரர் மட்டும் அக்கறையாய்க் கேட்டார்:
உங்களுது சதுர அடி எவ்வளவு?
ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டேன்.
கண்ணுக்கும் காதுக்கும் ஒரே ரேட்டா?
வழுக்கைக்குக் கழிவு உண்டா?

செவ்வாய்தோறும் ஞானதிரவியம் வருவான்,
குழுக்கடன் வசூலுக்கு.
பலகையும் வண்ணமும் வாங்கிய கடன்.
எட்டாம் தவணைக்கு நானூறு குறைந்தது.
இருந்து வாங்கிட்டுத்தான் போவேன் என்று
பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியை
இழுத்துப் போட்டான்.
வரைய உட்காரச் சொன்னால் பத்து நிமிஷத்தில்
கழுத்து வலிக்குதென்று எழுந்து போகும் ஊரில்
அசையாமல் ஒன்றேகால் மணி நேரம்
ஒருவன் என் எதிரில்.
வரையாமல் என்ன செய்ய.

நெற்றியில் ஹெல்மெட் பதித்த பள்ளம்.
சட்டைப்பையில் பேனா கசிந்த நீலம்.
போன் அதிரும்போதெல்லாம்
மேனேஜர்தான் என்று
எடுத்துப் பார்க்காமலே தெரிந்துகொள்ளும்
இடது புருவம்.
அதில்தான் அதிக நேரம் போனது.

வாங்கிப் பார்த்தான்.
நல்லாருக்கு என்று சொல்லவில்லை.
யாரு இது, இவ்வளவு களைச்சுப்போய் என்றான்.
நானூறைத் தன் பையிலிருந்து எடுத்து
என் பெயருக்கு நேராக வரவு வைத்துவிட்டு
படத்தை வசூல் நோட்டில் செருகிக்கொண்டான்.

அடுத்த வாரம் முக்கூடலிலிருந்து போன்.
பின்னால் பீடி இலை நறுக்கும் கத்தரிச் சத்தம்.
‘வசூலுக்கு வாறவன வரைஞ்சது நீதானாட்டி?’
நாந்தான்.
‘அந்த மூஞ்சியில இவ்வளவு பாவம் இருக்கும்னு
ரெண்டு வருசமா தெரியாமப் போச்சே.
எங்க வீட்டுக்காரரையும் அதே மாதிரி
ஒண்ணு போட்டுத் தா.
கார்த்திகைக்கு வாறாரு, மஸ்கட்லருந்து.
அதுக்குள்ள எனக்கு அவர்மேல
கொஞ்சமாச்சும் இரக்கம் வரணும்.’

எவ்வளவு கேட்பதென்று தெரியவில்லை.
இரக்கம் வராவிட்டால்
காசைத் திருப்பித் தரவேண்டுமா?
ஆயிரத்து இருநூறு என்றேன்.
வாரம் நூறு கட்டுதேன் என்றாள்.
பெயர் சண்முகவடிவு.

இப்போது முக்கூடலிலும் பத்தமடையிலுமாகப்
பதினோரு பேர் எனக்குத் தவணை கட்டுகிறார்கள்.
கடனோடு சேர்த்து வாங்கிவருவது ஞானதிரவியம்தான்,
நூற்றுக்கு ஐந்து அவனுக்கு.
சித்தி மகனிடம் சொன்னேன்.
இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது என்றான்.
இருக்கட்டும்.

சண்முகவடிவு மட்டும் நாலு வாரமாய்ப் பாக்கி.
மஸ்கட்காரர் வந்துவிட்டாராம்.
படத்தைப் பார்த்து,
இது எங்க அண்ணன்லா என்றாராம்.
இரக்கம் யார்மேல் வந்தது என்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
போய் வாசலில் உட்கார வேண்டியதுதான்.
தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று
முக்கூடல் பஸ்ஸுக்கு நின்றபடி
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
பையில் ஏற்கெனவே இருக்கின்றன.