இடப்பக்கத்து வின்ச்

போன ஞாயிறு, முகத்துவாரத்துக்கு வெளியே,
தாமான் கயிறு என் உள்ளங்கையைத் தின்றுவிட்டுப் போனது.
மூன்று சுற்றுச் சுற்றித்தான் இருந்தேன்.
வின்ச் பிடிக்கவில்லை.
கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று
மொராயஸின் முன்பல்லில் பாதியைக்
கடலுக்குக் கொடுத்தது.

இப்போது அவன் சிரித்தால் விசில் வருகிறது.
"பாய்க்குள் வராத காற்று," என்கிறான்.

படகு எங்கள் இருவருக்கும் பாதிப் பாதி.
நாற்பத்தொரு வயது, எங்களில் யாரையும்விட மூத்தது.
பெயரின் முன்னெழுத்துகள் உரிந்து
"ரினா" மட்டும் மிச்சம்;
கத்தரினாவோ மரினாவோ, விற்றவனுக்கும் தெரியவில்லை.
புது வின்ச்சுக்குச் சிங்கப்பூரில் விலை கேட்டேன்.
பதில் வந்தது.
படகை விற்றால் ஒன்று வாங்கலாம்,
பூட்டத்தான் இடமிருக்காது.

ஆகவே கழற்றுகிறோம்.
பக்கக் கம்பியில் மொராயஸின் சாரத்தைக் கட்டி
தொட்டில்போல் விரித்திருக்கிறோம்,
விழுகிற எதுவும் தண்ணீருக்குப் போகாதபடி.
முதலில் விழுந்தது என் மூக்குக்கண்ணாடி.

வெண்கல உருளை.
பிடிப்புக்கென்று வெட்டிய கீறலெல்லாம்
சவர்க்காரக் கட்டிபோல் வழவழத்துக் கிடக்கிறது.
எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று
பள்ளிக்கூடத்தில் நூறு தடவை எழுதவைத்தார்கள்.
எறும்புக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை நான்.
நாலு கயிறு நைந்திருக்கும் இந்த உருளைக்கு.

தூக்கினால் உள்ளே
கிரீஸ் ஒருகாலத்தில் இருந்த கறுப்பு.
பால்மா டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி
பழைய பற்தூரிகையால் தேய்க்கத் தேய்க்க
சக்கரத்தின் பற்கள் வெளியே வந்தன,
ஒன்றுகூட உடையாமல்.
மொராயஸ் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தான்.

பல்லில் விழுந்து, திரும்பவிடாமல் தடுக்கிற
விரல்நுனி அளவு துண்டு:
பட்டறையில் அதற்கு நாக்கு என்று பெயர்.
இரண்டு நாக்கு. ஒன்று மூலை மழுங்கிவிட்டது.
மற்றதன் பின்னால்,
ஸ்பிரிங் இருக்கவேண்டிய குழியில்,
கொண்டை ஊசி.

அளவாக நறுக்கி, வளைத்து,
நடுவில் முறிந்துபோன கொண்டை ஊசி.

கற்பிட்டிக்கு அந்தப் பக்கமோ, மாலைதீவுக்குப் போகும் வழியோ,
காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது
யாரோ ஒருத்தி தலையில் கைவைத்திருக்கிறாள்.
அவிழ்ந்த கூந்தல் வாயிலடிக்க
பல்லால் கடித்து வளைத்திருக்கிறாள்.
அல்லது அவளைக் கேட்காமலே
ஒருவன் உருவியிருக்கலாம், சண்டை வந்திருக்கலாம்.
எத்தனை வருடம் பிடித்ததோ அது.
எங்களிடம் அந்த உதிரிப்பாகம் இல்லை:
மொராயஸுக்கு வழுக்கை, எனக்கு ஒட்ட வெட்டிய தலை.

பஞ்சிகாவத்தையில் ஒன்பது கடை.
"என்ன வாகனம்?" என்றுதான் கேட்டார்கள்.
படகு என்றதும் மூன்று பேர் தேநீர் தந்தார்கள்,
சாமான் தரவில்லை.
பத்தாவது கடையில் மிஸ்வர், ஓட்டோ காபரேட்டர் டப்பாவைக் கவிழ்த்து
இரண்டு ஸ்பிரிங் பொறுக்கினார். காசு வேண்டாமாம்,
ஓடினால் ஒரு பாரை மீன் வேண்டுமாம்.
நாக்கை கிராண்ட்பாஸில் ஷெரின் செய்தாள்,
பழைய புரொப்பெல்லர் தண்டின் துண்டில்,
அரத்தால் நாற்பது நிமிடம், தலை நிமிராமல்.
"மயிரளவு கூட விட்டிருக்கன்,
தேஞ்சு தன்ர இடத்துக்கு வந்திரும்."

பூட்டினோம். திருப்பினேன்.
சுவரில் பல்லி சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனது,
என்ன பலனோ.

"வலப்பக்கத்தையும் திறந்து பாத்திருவம்," என்றான் மொராயஸ்.

அதற்குள்ளும் ஒன்று.

முறியவில்லை.
விரலால் அழுத்தினேன், திருப்பி அழுத்தியது.
மிஸ்வரின் இரண்டாவது ஸ்பிரிங்
என் சட்டைப்பையில் இருந்தது.
கிரீஸை மட்டும் வைத்து மூடினேன்.
மொராயஸ் ஏன் என்று கேட்கவில்லை,
திருகாணியை நீட்டினான்.

நாலு மணிக்குக் கச்சான் எழும்பியது.
துறைமுகத்துக் கிரேன்களுக்கு இடையால்
பாயில் முதல் சுருக்கம் ஓடி நிமிர்கிறது.
கட்டுப்போட்ட கையால்
மூன்று சுற்றுச் சுற்றுகிறேன், பிறகு
நாலாவதும்.
மொராயஸ் ஒரு எட்டு தள்ளி,
வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறான்.