பின்னால் போக ஒரு பொத்தான்

டவுன்ஹால் ரோடு. அஸ்லம் என் போனை
உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தான்.
மூலையில் விரிசல். ஸ்பீக்கர் ஓட்டையில் வெங்காயச் சருகு.
"நாலாயிரத்து இருநூறு. அதுவும் உங்களுக்குங்கிறதால."
இருபது வருஷமாய் அடுத்தவன் சரக்குக்கு
நான் சொல்லி வந்த வசனம்
எனக்கே வந்து சேர்ந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் மற்றது.
எலி கடித்த காயை நாங்கள் கீழமாரட் வீதியில்
கழிவுக்கூடையில் தள்ளுவோம்.
இங்கே கடிபட்டதற்கு எழுபத்தோராயிரம்.

மாறலாம். காரணம் இல்லாமல் இல்லை.
என்னுடையதுக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கே உயிர் போகிறது.
நான் கேட்காத சீட்டாட்ட விளம்பரம்
விலை பேசும்போது குறுக்கே வந்து
"வா மச்சி" என்கிறது.
மற்றது அப்படி வாலாட்டாதாம். ஐந்து வருஷம் உழைக்குமாம்.
விற்கப் போனாலும் பாதி விலை நிற்கும்.
இந்த ஒரு வரியில்தான் என்னைப் போன்ற புரோக்கர் விழுவான்.

மாறாமலும் இருக்கலாம்.
இதில் பின்னால் போக ஒரு பொத்தான் உண்டு,
கட்டைவிரல் தூக்கத்திலும் அறிந்த இடத்தில்.
அதில் ஓரத்திலிருந்து தள்ள வேண்டும்,
இல்லையென்றால் இடது மூலைக்கு ஏற வேண்டும்,
சில இடத்தில் ரெண்டும் நடக்காது.
ஒயர்?
"இப்ப எல்லாம் ஒரே ஒயர்தாண்ணே."
மண்டியில் ஆணியில் தொங்குவதே போதும். ஒரு கவலை கழிந்தது.

"கால் ரெக்கார்டிங்?"
"இருக்கு. ஆனா பட்டனை அமுக்குனதும்
எதிர்ல பேசுறவருக்கு ஒரு பொம்பளைக் குரல் சொல்லிரும்,
பதிவாகுதுன்னு."

அங்கே நின்றுவிட்டேன்.

என்னுடையது சொல்லாது.
ஒட்டன்சத்திரம் குழந்தைவேலு
இருபத்தாறுக்குப் பேசிவிட்டு
இருபத்தெட்டு என்று நின்றபோது
நூற்றிருபது மூட்டைக்கு நடுவே
அவர் குரலையே அவருக்குப் போட்டுக் காட்டினேன்.
பணம் வந்தது.
இப்போது அவர் மழையைப் பற்றிக்கூட
யோசித்துத்தான் என்னிடம் பேசுகிறார்.

போன ஆவணியில், அவள் தங்கச்சி வீட்டுப் பால்காய்ப்பு.
"பதிமூணுன்னுதான் சொன்னேன்" என்றாள் தமயந்தி.
தேடி எடுத்தேன். குக்கர் சத்தத்துக்கு மேலே
அவள் குரல் பன்னிரண்டு என்றது.
அடுப்பைத் தணித்து முழுசாகக் கேட்டாள்,
அதே அழைப்பில் அவள் சொன்ன
பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்ட கதையையும்
இடையிடையே நான் போட்ட "ம்"களையும்.
"ஜெயிச்சுட்டீங்க."

அஸ்லம் பில் புத்தகம் தேடுகிற நேரத்தில்
பட்டியலைக் கீழிருந்து மேலாக உருட்டினேன்.
ஆடி: பதினான்கு நிமிடம். இருபத்தொன்று. ஒன்பது.
ஆவணிக்குப் பிறகு: பதினொரு வினாடி. எட்டு. பதினொன்று.
போனை மாத்துங்க, மாத்துங்க என்று
ஐப்பசியிலிருந்து அவள் சொல்வது
கேமராவுக்காக என்று நினைத்திருந்தேன்.

செட்டிங்ஸில் போய் அணைத்துவிடலாம். செலவில்லை.
ஆனால் அணைத்துவிட்டேன் என்பதற்கு
என் வாயைத் தவிர அவளிடம் என்ன சாட்சி?
சாட்சி கேட்கிற பழக்கத்தை
அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்.

"படம், நம்பர், வாட்சப் எல்லாம் மாத்திரலாம்ணே.
இந்த ரெக்கார்டிங் மட்டும் அதுக்குள்ள ஒழுங்கா உக்காராது.
பென்டிரைவுல போட்டுத் தரவா?"

யோசிச்சுச் சொல்றேன் என்று
வெளியே வந்து அவளை அழைத்தேன்.
"எம்புட்டு சொல்றான்?"
சொன்னேன்.
"யாத்தே."
வழக்கமாக இங்கே முடியும்.
காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன்.
சிவப்புப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது.
பத்து. பதினொன்று.
ஒரு ஷேர் ஆட்டோ ஹாரனடித்துக்கொண்டே
என் செருப்பை உரசிப் போனது.
"அந்த நாய்க்குட்டியில ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள்.
பன்னிரண்டு.
பதிமூன்று.