நூலின் நீளம்

ஒஸ்த்ராவாவுக்குக் கடல்
வாளியில்தான் வருகிறது, உப்பாக.
கலக்கி, சூடேற்றி, அளந்து
நான் விற்கிறேன்.

பிப்ரவரி. கதவைத் திறந்ததும்
மூக்குக்கண்ணாடி வெள்ளையாகி நின்றார்
ட்ராம் ஓட்டுநர் ஸ்பினியெக் கோட்டலா.
துடைக்கும் முன்பே சொன்னார்:
"பச்சை க்ரோமிஸ். முப்பது.
ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்ப வேண்டும்."

தொட்டி எவ்வளவு நீளம் என்றேன்.
பையிலிருந்து ஒரு நூல் எடுத்து
மேசைமேல் நீட்டினார். சிவப்புக் கம்பளி நூல்.
இழுத்தால் இன்னும் கொஞ்சம் வரும்.
இழுத்தார்.
"வேண்டாம், கண்ணாடி நீளாது."
நூற்றிருபது சென்டிமீட்டர்.

முப்பதை விடுங்கள். ஏழு விட்டாலும்
முதல் வாரமே ஒரு வால் கிழியும்.
அப்புறம் ஒரு காலையில் ஆறுதான் இருக்கும்;
பாறைக்குப் பின்னால் தேடுவீர்கள், பம்புக்குள் தேடுவீர்கள்.
ஐந்து. மூன்று.
கோடைக்குள் கொழுத்த ஒன்று
தொட்டி முழுவதும் தனதென்று சுற்றிவரும்.

ஆந்தியாஸ்?
அழகுதான். நாளைக்கு நாலு வேளை தீனி கேட்கும்.
நீங்கள் பகலெல்லாம் தண்டவாளத்தில்.
வீட்டில் வேறு யாராவது என்று தொடங்கி
நூலைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்:
ஒரு முனையில் இன்னும்
பிரித்த பின்னலின் சுருள்.

"கடலில் சேர்ந்துதானே போகின்றன?"
கடலில் பின்னால் ஒரு வாய் வருகிறது.
பயம்தான் அங்கே கட்டி வைத்திருக்கிறது.
உங்கள் ஆறாவது மாடியில்
யாருக்குப் பயப்படும்?
நெடுநேரம் யோசித்தார்.
"பெரிய மீன் படம் ஒன்றை ஒட்டிவைத்தால்?"
சிரித்துவிட்டேன். அவரும்.

விரலுக்கேற்ற வீக்கம் என்று
மூலைத் தொட்டிக்குக் கூட்டிப்போனேன்.
பைஜாமா கார்டினல்.
முகம் மஞ்சள், இடுப்பில் கறுப்புப் பட்டை,
அதற்குப் பின் புள்ளிபோட்ட இரவுடை.
தூங்காத ஆளின் சிவந்த கண்.
"இவை எங்கும் போகவே இல்லையே."
போகாது. நிற்கும்.
நீரோட்டத்துக்கு எதிர்முகமாய்,
ஒன்றையொன்று இடிக்காமல்.
"காலை ட்ராம் நிறுத்தம் மாதிரி," என்றார்,
பாதி ஏமாற்றத்தோடு.

ஐந்து வாங்கினார்.
பையைக் கோட்டுக்குள் வைத்து
கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு போனார்,
கையை வயிற்றில் அணைத்தபடி, வழுக்கும் தெருவில்.
நூலை மறந்துவிட்டார். வைத்திருக்கிறேன்.

ஐந்தே கால் வண்டி அவருடையது.
நிறுத்தத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர்,
ஒரே பக்கம் பார்த்து.
வண்டி வளைவில் திரும்பி நிற்கும்போது
முன்கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
விரல்களை விரித்துக் கை உயர்த்துவார்.
எண்ணிவிட்டுத்தான் ஏறுவேன்.

பனி போய் மழை வந்துவிட்டது. இன்னும் ஐந்து.
ஒருநாள் மட்டும் நான்கு காட்டினார்.
என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு,
மெல்ல,
கட்டைவிரலையும் நிமிர்த்தினார்.